மக்டலினின் கல்லறைக்கு ஒரு மண் பரிசோதனை

ஜெயராஜா முப்பத்தொரு வருடம் மண் பரிசோதனைக் கூடத்தில் இருந்தவர். எந்த மண் பாலத்தைத் தாங்கும், எந்த மண் பள்ளிக்கூடத்தை விழுங்கும் என்று கையெழுத்துப் போட்டுச் சொன்ன மனிதர். ஆனி மாதம் மனைவி மக்டலின் இறந்தபோது, அவளுக்கென்று செய்ய அவருக்கு மிஞ்சியது கல்லறை ஒன்றுதான். அதையாவது பிசகில்லாமல் செய்துவிட நினைத்தார்.

அவளை அடக்கம் செய்த சேமக்காலை வாவிக்கரையில் இருந்தது. கீழே எல்லாம் களிமண். ஒரு மாரி போய், குழி மண் இறங்கிய பிறகுதான் கல் வைப்பது வழக்கம் என்றான் மேசன் சுதாகரன். ஜெயராஜா கொஞ்சம் இரக்கத்தோடு அவனுக்கு வகுப்பெடுத்தார். புரட்டாதி வெயிலில் குழியோரம் குந்தி, மண்ணின் வலுவை அளக்கும் கைக்கருவியை அழுத்திக் காட்டினார். முள் எகிறியது. லொறியையே நிறுத்தலாம் என்றார்.

காய்ந்த மேற்பரப்பு ஒரு முழத்துக்குக் கல், அதன் கீழ் தயிர் என்பது அவருக்குத் தெரியாததல்ல. ஊராருக்கு எழுதிய அறிக்கைகளின் கடைசி வரி எப்போதும் ‘மழைக்குப் பின் மீண்டும் சோதிக்கவும்’ என்பதுதான். தன் காரியத்தில் மட்டும் அந்த வரியை வசதியாக மறந்து, அந்த வாரமே கல்லை வைப்பித்தார்.

ஐப்பசி பிறந்ததும் மழை பிடித்தது. மரித்த ஆத்துமாக்களின் நாளன்று, ஊரே திரண்டு நிற்க, கருங்கல் வாவிப்பக்கம் நான்கு விரல் சரிந்து கிடந்தது. மெழுகுதிரிகள் உருகி ஒரே மூலைக்கு ஓடின. நீர்மட்டக் கருவியை எடுத்துச் சாய்வை அளக்கப் போனவரின் கையை மக்டலினின் தங்கை சுகந்தினி பிடித்துக்கொண்டாள்.

“விடுங்க அத்தான். அக்கா எப்பயும் ஒருக்களிச்சுத்தானே படுப்பா.”

அது அவருக்கல்லவா முதலில் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

மறுவாரம் ஆட்களைப் பிடித்துக் கல்லைக் கிளப்பி மதிலில் சாத்தினார்கள். சுதாகரன் ஒரு சொல்லும் குத்திக்காட்டவில்லை. அதுதான் ஜெயராஜாவைக் கூடுதலாகச் சுட்டது. திரும்ப எப்போது வைப்பது என்று மட்டும் கேட்டான்.

“எனக்குத் தெரியா. மாரி போகட்டும், மறுகா நீங்க பார்த்துச் சொல்லுங்க.”

“சேர்ட மிசின் இரிக்கே?”

“மிசின் சரியாத்தான் சொன்னது. கல்ல வெச்சா எல்லாம் முடிஞ்சிரும் எண்டு நான்தான் அவசரப்பட்டன்.”

சுதாகரன் தண்ணீர் தேங்கிய பள்ளத்தைக் காலால் தட்டிப் பார்த்தான். இன்னும் ரெண்டு தள்ளுவண்டில் மண் வேண்டும் என்றான்.