சதகுப்பைக்குப் பின்னால் நின்ற மேயர்

ஸெலென்ப்ரோத் ஊர் மேயர் மெதோதியின் முகம் ஒரு ஜூன் மாதக் காலையில், சதகுப்பைச் செடிகளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தபோது மங்கிப்போனது. இன்றுவரை தெளியவில்லை. மூக்கு இருக்கிறது, மீசை இருக்கிறது, ஒன்று எங்கே முடிந்து மற்றது எங்கே தொடங்குகிறது என்பதைத்தான் சொல்ல முடியாது. கண் டாக்டர் மேயரின் கண்ணைச் சோதித்தார், நன்றாக இருந்தது. சந்தேகம் வந்து தன் கண்ணையும் சோதித்துக்கொண்டார், அதுவும் நன்றாக இருந்தது. வீட்டில் மனைவி இருமலை வைத்து ஆளை அடையாளம் கண்டு சூப் ஊற்றினாள். மற்றபடி எங்கள் ஊரில் யாரும் வாயைப் பிளக்கவில்லை. வெலிச்காவின் லென்ஸுக்கு எதிரே போய் நின்றால் என்ன ஆகும் என்பது பென்கோவின் சேவல் விஷயத்திலேயே எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. தெரிந்தும் போய் நின்றவரை என்ன சொல்வது?

வெலிச்கா ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தவள். ஊரில் பாதிப்பேரிடம் "மூச்சை இழுத்துப் பிடிங்க, விடாதீங்க" என்று சொல்லியே காலம் போனது. வேலை ஓய்ந்ததும் தன் ஒற்றை அறை வீட்டைச் சுற்றிக் கிடந்த செங்கல் குப்பையை வாரிக் கொட்டி, ஆற்று வண்டலைச் சாக்கில் சுமந்து வந்து ஒரு தோட்டம் போட்டாள். தக்காளிக்கோ மிளகாய்க்கோ இல்லை, பட்டாம்பூச்சிக்கு. சதகுப்பை, நாய்த்துளசி, லாவெண்டர், எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு பாத்தி நிறைய, தொட்டால் சுரீரென்று அரிக்கிற காஞ்சொறி. ஊரே காஞ்சொறியை வேரோடு பிடுங்கி எறிகிறது, இவள் பக்கெட்டில் தண்ணீர் ஊற்றுகிறாள் என்று பெண்கள் சிரித்தார்கள். மயில்கண் பட்டாம்பூச்சியின் புழு வேறு எதையும் வாயில் வைக்காது என்பதால், சிரிப்பை அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. ஞாயிற்றுச் சந்தையில் தன் கேமராவுக்கு ஒரு பழைய ருஷ்ய லென்ஸ் வாங்கினாள். புட்டி அடிப்பாகம் மாதிரி கனமானது. அதன் வாயை முழுக்கத் திறந்துவிட்டால் வெங்காயத் தோல் அளவு தடிமனுக்குள் இருப்பது மட்டும் தெளிவாக விழும். முன்னும் பின்னும் எல்லாம் கரைந்துவிடும். குளிரில் பூச்சி இறக்கை அசைக்காத விடியற்பொழுதில் மண்டிபோட்டு, லென்ஸ் வளையத்தைத் தொடாமல் உடம்பை மட்டும் மயிரிழை முன்னே பின்னே ஆட்டி, பூச்சியின் கண் பளிச்சென்று தெரிகிற நொடியில் மூச்சை நிறுத்தி அமுக்குவாள். முதல் வசந்தத்திலேயே பக்கத்து வீட்டுப் பென்கோவின் சேவல் ஒரு வெள்ளைப் பூச்சிக்குப் பின்னால் மேய்ந்துகொண்டிருந்து மாட்டிக்கொண்டது. அன்று முதல் அதன் கூவல் கணீரென்று கேட்கும், ஆனால் சேவல் எங்கே முடிகிறது, காற்று எங்கே தொடங்குகிறது என்று கைக்குப் பிடிபடாது. சூப்புக்காகப் பென்கோ கத்தியோடு துரத்தித் துரத்தி ஓய்ந்தான். கடைசியில் அது வயதாகித் தானாகச் செத்தது.

இப்படி இருக்கையில்தான் வெந்நீர் ஊற்றுப் பக்கம் ஒரு பெரிய ஓட்டல் வருவதாகவும், அதற்கு நேர்ச்சாலை வேண்டுமென்றும், நேர் என்றால் அது வெலிச்காவின் தோட்டத்து நடுவில்தான் போகிறதென்றும் மேயர் அறிவித்தார். பதிலுக்கு அவளுக்கு நாலாவது மாடியில் ஒரு வீடாம். அதைச் சொல்ல அவரே நேரில் வந்தார். அவள் அப்போது சதகுப்பையில் உட்கார்ந்திருந்த மஞ்சள் வால் பட்டாம்பூச்சி ஒன்றின் முன்னால் மண்டிபோட்டிருந்தாள்.

"பால்கனி இருக்கு வெலிச்கா. ரெண்டு தொட்டி வெச்சுக்கோ. பூச்சிக்கு மாடி ஏறத் தெரியாதா என்ன?"

"தள்ளி நில்லுங்க மேயரே. படத்துல பின்னாடி விழறீங்க."

"நான் ஏன் தள்ளணும்? இன்னும் ரெண்டு மாசத்துல இது பொது எடம். நீதான் தள்ளணும்."

அவள் மறுபடி சொல்லவில்லை. ஒருமுறை எச்சரிப்பது மரியாதை, இரண்டாம் முறை கெஞ்சல் என்பது அவள் கட்சி. மூச்சைப் பிடித்து அமுக்கினாள்.

இலையுதிர் காலத்தில் தேர்தல் வந்தது. மேயரின் சுவரொட்டியிலும் முகம் மங்கலாகத்தான் விழுந்தது. போதாக்குறைக்கு நகரசபை அச்சுப்பொறியில் வண்ண மை தீர்ந்திருந்ததால் கறுப்பு வெள்ளையில் அடித்து, ஆட்கள் கம்பங்களிலும் வீட்டு வாசல்களிலும் ஒட்டினார்கள். எங்கள் ஊரில் கம்பத்திலும் வாசலிலும் கறுப்பு வெள்ளையில் ஒரு முகம் ஒட்டியிருந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். கீழே எழுதியிருப்பதை யார் படிப்பார்கள்? அன்று மதியத்துக்குள் சர்க்கரை தூவிய அவித்த கோதுமையும், செத்தவர்களுக்குக் கொண்டுபோகும் இரட்டைப்படைப் பூக்களுமாக ஊர் மேயர் வீட்டு வாசலில் கூடிவிட்டது. கதவைத் திறந்தவர் யாரென்று தெரியாததால் அவரிடமே "ஆண்டவர் அவரை மன்னிக்கட்டும், நல்ல மனுஷன்" என்று கையைப் பிடித்து அழுதார்கள். "நான் சாகலடா!" என்று அவர் கத்தினார், துக்கத்தில் அண்ணன் தம்பிகள் இப்படிப் பிதற்றுவது சகஜம் என்று ஒரு கரண்டிக் கோதுமையை அவர் வாயிலும் ஊட்டிவிட்டார்கள். செத்தவரைப் பற்றிக் குறை பேசுகிற வழக்கம் எங்களுக்கு இல்லை. உயிரோடு இருந்தவரை அவரைத் திட்டித் தீர்த்த ஊர், அந்த வாரம் முழுக்க அவர் நல்ல குணங்களைத் தேடித் தேடிப் பேசியது, பேசிய வாயோடு போய் ஓட்டும் போட்டது. ஜெயித்தார். ஜெயித்த ஆத்திரம் தோற்ற ஆத்திரத்தைவிடப் பெரிதாக இருந்தது.

முதலில் நில அளவைக்காரன் அனஸ்தாஸை அனுப்பினார். கோடை முழுக்க வெலிச்கா எடுத்த படங்களின் பின்னணியில் வேலியும், வேலியோரச் செடிகளும், மூலைக்கல்லும் மாறி மாறி விழுந்திருந்ததால் தோட்டத்தின் விளிம்பு முழுக்கக் கரைந்துபோயிருந்தது. அனஸ்தாஸ் ஒவ்வொரு முறை அளக்கும்போதும் வேறு வேறு அளவு வந்தது. அடித்த முளைக்குச்சி மறுநாள் வெண்ணெய் மாதிரி இளகி நின்றது. "அக்கா, இது எங்கதான் முடியுது? நீயாவது சொல்லேன், எனக்கும் வீடு வாசல் இருக்கு" என்று அவன் நொந்துபோய்க் கேட்டான். "முடியாது தம்பி" என்றாள் வெலிச்கா. எந்த முடியாது என்று அவன் கேட்டுக்கொள்ளவில்லை. நாடாவைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டான். ஆனால் மேயர் மங்கலானவரே தவிர முட்டாள் இல்லை. படம் எடுக்கிறவள் நிற்கிற இடம் படத்தில் விழாது என்பதை அவர் யோசித்துப் பிடித்தார். தோட்டத்தின் ஓரம் கரைந்திருக்கலாம். அவள் மண்டிபோட்டிருந்த நடுப்பகுதியும், வீடும், காஞ்சொறிப் பாத்தியும் கண்ணாடி மாதிரித் தெளிவாகத்தான் இருந்தன. நடுவில் ஆரம்பித்து ஓரத்துக்கு வாருங்கள் என்றார். நவம்பரில், ஒரு பூச்சிகூடப் பறக்காத மாதம் பார்த்து, மஞ்சள் நிற மண்தள்ளும் வண்டியை அனுப்பினார்.

பூச்சி இல்லாமல் அந்த லென்ஸ் எதையும் மங்கடிக்காது. வெலிச்கா வெறும் பூவை, ஆப்பிளை, பென்கோவின் காதை எல்லாம் வைத்துச் சோதித்துப் பார்த்திருந்தாள். வண்டி வாசலுக்கு வந்து நின்றதைப் பார்த்தபோது அவளுக்குப் பயமாக இருந்தது, அதை மறைக்கவும் இல்லை. விறகுக் கொட்டகைக்குப் போனாள். மயில்கண் பூச்சிகள் குளிர்காலத்தைத் தூங்கிக் கழிக்க இருட்டான இடம் தேடும். கட்டைகளுக்கு நடுவில் கரித்துண்டு போல ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அதை உள்ளங்கையில் எடுத்து, வாயருகே வைத்து, குழந்தைக்குக் கஞ்சி ஆற்றுகிற மாதிரியல்ல, சூடேற்றுகிற மாதிரி ஊதினாள். அது நடுங்கியது. மறுபடி ஊதினாள். இறக்கை விரிந்தது, அதிலிருந்த நாலு மயில்கண்ணும் அவளைப் பார்த்தன. வாசலுக்கு வந்து, வெயிலில் காய்ந்துகொண்டிருந்த வண்டியின் இரும்புத் தகட்டின் மேல்விளிம்பில் அதை உட்காரவைத்தாள். வண்டிச் சத்தம் கேட்டு ஓடிவந்திருந்த பென்கோவின் கழுத்தில் கேமராவை மாட்டினாள்.

"எனக்கு இதெல்லாம் வராதுக்கா. காலைல ரெண்டு கிளாஸ் வேற போட்டிருக்கேன்."

"அப்ப இன்னும் நல்லது. ஆடத்தானே போற. கண்ணு பளிச்சுனு தெரியற எடத்துல மூச்சைப் பிடி, அமுக்கு. உன் சேவலக் கெடுத்தேன்னு என்னைத் திட்டுவியே, இப்ப அந்தக் கோவத்தோட எடு."

வண்டி ஓட்டுகிறவன் எஞ்சினை அணைத்துவிட்டான். போட்டோ எடுக்கும்போது அசையக் கூடாது என்பது அவன் அம்மா கற்றுக்கொடுத்தது. மேயர் அதைப் பற்றி எதுவும் சொல்லி அனுப்பவில்லை. வெலிச்கா பென்கோவை வண்டியின் பக்கம், பூச்சிக்குப் பின்னால் தோட்டம் முழுக்க விழும்படி, தோட்டத்தைப் பார்த்து நிற்கவைத்தாள். பிறகு திரும்பி உள்ளே நடந்தாள்.

"அக்கா! எங்க போற? வெளிய வா! பின்னாடி விழுந்தா நீயும் மங்கிருவே!"

அவள் காஞ்சொறிப் பாத்திக்குள் போய், இடுப்பில் கை வைத்து நின்றாள். உலர்ந்த தண்டுகள் அவள் கையைச் சுட்டன.

"நான் வெளிய நின்னா யாருடா இதுக்குத் தண்ணி ஊத்துறது? ஒட்டுமொத்தமா எடு. ஒரு மூலை விடாத."

"உன் மூஞ்சியே தெரியாதேக்கா இனிமே!"

"தெரிஞ்சு என்ன பண்ணிச்சு இத்தன நாளும்? எடுடா!"

பென்கோ அழுதுகொண்டே ஆடினான், முன்னே, பின்னே. பூச்சியின் கண் பளிச்சென்று வந்த இடத்தில் அவன் மூச்சு தானாகவே நின்றது. அமுக்கினான்.

அப்புறம் ஓட்டுகிறவன் எஞ்சினைப் போட்டு, பூச்சி பறக்கும்வரை காத்திருந்து, தகட்டைத் தாழ்த்தி முன்னே தள்ளினான். வண்டி உள்ளே போனது, மறுபக்கத் தெருவில் வெளியே வந்தது. தகட்டில் ஒரு பிடி மண் இல்லை, ஒரு இலை இல்லை. திருப்பி ஓட்டினான், மறுபடி வாசலுக்கே வந்து சேர்ந்தான். அவன் சட்டையில் மட்டும் சதகுப்பை வாசம் அடித்தது. மாலையில் மேயர் வந்து வண்டிக்காரனைத் திட்டினார். யாரோ வழிப்போக்கர் கத்துகிறார் என்று நினைத்து அவன் ரொட்டியைத் தின்றுவிட்டு வீட்டுக்குப் போனான்.

சாலை கடைசியில் வளைந்துதான் போனது. தோட்டம் இன்றும் அங்கே இருக்கிறது. பச்சையும் ஊதாவுமாக ஒரு கலங்கல், அதற்குள் நடமாடுகிற நீலம் வெலிச்காவின் மேல்சட்டை. குரல் முன்னைவிடக் கணீரென்று கேட்கிறது. பென்கோ தினமும் வேலியோரம் நின்று விலைவாசியும் ஊர்ச்சண்டையும் பேசுகிறான். சண்டையில் எப்போதும் அவள்தான் ஜெயிக்கிறாள். கோடையில் அந்தக் கலங்கலுக்குள்ளிருந்து மயில்கண் பூச்சிகள் ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன, ஊசி முனை மாதிரித் தெளிவாக. ஓட்டலுக்குப் போகிற வெளியூர்க்காரர்கள் அந்த வளைவில் வண்டியை நிறுத்தி இறங்கி முன்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்ததில் போக்குவரத்து தேங்கியது. அதனால் போன வருடம் நகரசபை அங்கே ஒரு பலகை நட்டது: "உங்கள் கண்ணாடி சுத்தமாகத்தான் இருக்கிறது. இது வெலிச்காவின் தோட்டம். போய்க்கொண்டே இருங்கள்."