மணப்பாடு கடைசியில்

"நாளைக்கு எல்லாரும் மணப்பாடு போறோம்" என்று என் வீட்டுக்காரர் வளன் சாயங்காலத் தேத்தண்ணி நேரத்தில் சொன்னபோது, அவர் முகத்தைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. பொய் சொல்லத் தெரியாத மனுஷன். தங்கச்சி பிளாரன்ஸிடம் சொல்ல வேண்டியதை முந்திரி மக்ரூன் இருந்த தட்டைப் பார்த்துச் சொன்னார்.

"காலையில பத்து மணிக்கு மணப்பாடு கோயில்ல இருக்கணும். திருச்செந்தூர், குலசை எல்லாம் திரும்பி வரும்போது பார்த்துக்கலாம். டாக்ஸி சொல்லிட்டேன்."

விஷயம் இதுதான். மணப்பாட்டில் இஞ்ஞாசி என்று ஒரு மாப்பிள்ளை. கப்பலில் என்ஜினியர், லீவில் வந்திருக்கிறான். பத்து மணிக்கு அவனும் அவன் வீட்டாரும் மணல்மேட்டுச் சிலுவைக் கோயில் படியில் இருப்பார்கள். நாங்கள் தற்செயலாக வந்த மாதிரி போய் நிற்க வேண்டும். பெண்ணைப் பிடிக்காவிட்டாலும் யாருக்கும் தலைகுனிவு இல்லை. அவர்கள் ஜெபம் பண்ண வந்தவர்கள், நாங்கள் ஊர் பார்க்க வந்தவர்கள். இப்படிப் பெண் பார்ப்பது எங்கள் பக்கம் புதிதில்லை. ஆனால் பெண்ணுக்கும் சொல்லித்தான் கூட்டிப் போவார்கள். இவளுக்குச் சொல்லவில்லை.

சொன்னால் வரமாட்டாள். நாலு தடவை காபித் தட்டோடு நின்றவள். கடைசியாக வந்த கூட்டத்தில் ஒரு பெரியம்மை, எங்கள் வீட்டு மக்ரூனை மென்றுகொண்டே, "பிள்ளைக்கு வயசு கூடத்தான் இருக்கும்போல" என்று இவள் முகத்துக்கு நேரே சொன்னாள். அந்த வாயில் நாலு போடலாம் என்றிருந்தது எனக்கு. அவர்கள் போனதும் பிளாரன்ஸ் சொன்னாள்: "இனி எவன் முன்னாலயாவது நிக்கச் சொன்னா, நான் கன்னியர் மடத்துல போய்ச் சேர்ந்துருவேன்." சொன்னதைச் செய்கிறவள். அந்தப் பயத்தில் என் மாமியார், பிலோமினா மாமி, என் கையில் ஜெபமாலையைக் கொடுத்து, நான் வாய் திறப்பதில்லை என்று சத்தியம் வாங்கியிருந்தாள்.

பிளாரன்ஸ் கான்வென்டில் பூகோள டீச்சர். பள்ளிக்கூடச் சுற்றுலா எல்லாம் அவள் போடுவதுதான்.

"என்ன பிளான் போடுதிய அண்ணே? வழியில உள்ளதை எல்லாம் விட்டுட்டு, வெயில் ஏறுத நேரத்துல மணல்மேட்டுல போய் நிக்கவா?" என்றாள். "முதல்ல கொற்கை. முத்துத் துறைமுகம்னு வருஷா வருஷம் பாடம் நடத்துதேன், நான் பார்த்ததே இல்ல. அடுத்து காயல்பட்டினம். மத்தியானம் திருச்செந்தூர்ல சாப்பாடு. அப்புறம் குலசை. மணப்பாடு கடைசியில. அஞ்சு மணிக்குப் போனா கடல் நல்லா இருக்கும்."

"கொற்கையில என்ன இருக்கு? ஒரு பழைய மரம் நிக்கி" என்றார் இவர்.

"அந்த மரத்தைத்தான் பார்க்கணும்."

மாமி நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். "கோயிலுக்குக் காலையில போறதுதானே முறை, ஏளா."

"காலைப் பூசையை இங்கனயே பார்த்துட்டுக் கிளம்புவோம்மா."

அதற்குமேல் அழுத்தினால் குட்டு உடைந்துவிடும். வீட்டுக்காரர் தலையாட்டிவிட்டார். பிறகு என்னைக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டு, "பூசைக்குப் போற வழியில பஸ் ஸ்டாண்டுல கண்டக்டர் ஜெபசீலன்ட்ட சொல்லிரு. நேரம் சாயங்காலம் அஞ்சுக்கு மாறிட்டுன்னு மாப்பிள்ளை வீட்டுல சொல்லட்டும்" என்றார். மணப்பாட்டுக்கு நல்லது கெட்டது எல்லாம் ஜெபசீலன் வாய் வழியாகத்தான் போகும்.

நான் அடுப்படிக்குத் திரும்பினேன். பிளாரன்ஸ் பின்னாலேயே வந்தாள்.

"மதினி, அம்மா எனக்குப் பட்டுச்சேலை எடுத்து வச்சிருக்கா. மணல்ல நடக்கதுக்குப் பட்டு. பக்கத்து ஊருக்கும் பஸ்ஸுல தொங்கிட்டுப் போற அண்ணன் டாக்ஸி சொல்லியிருக்கு. யாரு அவன்?"

சத்தியம் பண்ணிய வாய். குனிந்து அடுப்பை ஊதினேன். அதுவே அவளுக்குப் போதுமாக இருந்தது.

"மடத்துக்குப் போயிருவியா?" என்று கேட்டேன்.

"நாலு தடவை, எப்பக் கூப்பிடுவாங்கன்னு உள்ரூம்ல காத்துக் கிடந்திருக்கேன் மதினி. அவங்க உட்கார்ந்திருப்பாங்க, நான் நிப்பேன். ஒருத்தனாவது எனக்காகக் காத்திருக்கட்டும். அஞ்சு மணி வரைக்கும் இருந்தான்னா, நான் அவனைப் பார்க்கேன். இல்லைன்னா மடத்துக்கு எழுதிப் போட்டுருதேன். நேரம் மாறினதை மட்டும் யாரும் சொல்லிரக் கூடாது."

'யாரும்' என்று என்னைப் பார்த்தே சொன்னாள்.

விடிந்ததும் பஸ் ஸ்டாண்டில் ஜெபசீலன் படியில் தொங்கியபடி கேட்டான். "என்னக்கா, சேதி எதுவும் உண்டுமா?"

சொன்னால், பிளாரன்ஸை ஏமாற்றிய பாவம் எனக்கு. சொல்லாமல் விட்டு, மாப்பிள்ளை எழுந்து போய்விட்டால், நல்ல சம்பந்தத்தைக் கெடுத்து அவளை மடத்துக்கு அனுப்பியவளும் நான்தான். டிரைவர் ஹாரன் அடித்தார்.

"ஒண்ணுமில்ல தம்பி."

பூசையில் ஒரு ஜெபமும் வாயில் நிற்கவில்லை.

கொற்கையில் அந்த மரத்தைப் பார்த்தோம். காயல்பட்டினத்தையும் குலசையையும் பார்த்தோம். எதைப் பார்த்தேன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. சேதி போய்விட்டது என்ற நிம்மதியில் இவர் திருச்செந்தூரில் இரண்டு சாப்பாடு சாப்பிட்டார். எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை. பிளாரன்ஸ் சாதா நூல் சேலையில், பிள்ளைகளுக்குச் சொல்வது போல ஊர் ஊராக எங்களுக்கு விளக்கிக்கொண்டு வந்தாள். முந்தானை நுனியை மட்டும் விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள்.

மணப்பாட்டில் கார் நின்றபோது வெயில் தாழ்ந்திருந்தது. மேட்டைப் பார்க்க எனக்குப் பயம்.

"வீட்டாள்களைக் காணோமே" என்று இவர் முணுமுணுத்தார்.

பார்த்தேன். கோயில் படியில் ஒரே ஒருத்தன் இருந்தான். தலையில் கைக்குட்டை, முதுகோடு ஒட்டிய சட்டை, வெயிலில் கன்றிப்போன முகம்.

"யாரும் இறங்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டு பிளாரன்ஸ் மேட்டில் ஏறினாள். மாமி பதறிக்கொண்டு இறங்கப் போனாள். நான் கார்க் கதவை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அவளைக் கண்டதும் அவன் கைக்குட்டையை உருவிக்கொண்டு எழுந்து நின்றான். அவள் படியில் உட்கார்ந்தாள். அவன் நின்றபடியே இருந்தான். அவள் அவசரப்படாமல், தலை முதல் கால் வரை அவனைப் பார்த்தாள். எனக்கு வயிறு குளிர்ந்தது.

பிறகு பக்கத்துப் படியைக் கையால் காட்டினாள்.