ஓமனாவின் துண்டு

நாகர்கோவிலில் தட்டார்களும் தச்சர்களும் நெசவுக்காரர்களும் அடுத்தடுத்து வேலைசெய்த தெருவொன்றில் ஒரு ரேந்தைக் கூடம் இருந்தது. பெண்கள் மடியில் தலையணையை வைத்து, நூல் சுற்றிய மரக்கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டு, வலைபோல ரேந்தை பின்னுவார்கள். என்ன பின்ன வேண்டும் என்று தாளில் வரைந்து கொடுப்பவள் இசபெல். சீமை மாதிரிகளை மூடிவைத்துவிட்டு மிளகுக்கொடியை வரைய ஆரம்பித்தவள் அவள்தான்.

1931ஆம் வருஷம் மலைத்தோட்டத்துத் துரைசாணி ஒருத்தி, மகள் கல்யாணத்துக்கு முக்காடு கேட்டிருந்தாள். ஒரே மிளகுக்கொடி கீழிருந்து உச்சிவரை வளைந்து ஏறுவதாக இசபெல் வரைந்தாள். ஒருத்தியால் ஆகிற வேலையில்லை. ஐந்து துண்டாகப் பிரித்து ஐந்து பேருக்குக் கொடுத்தாள்.

துரைசாணி வருகிற அன்று காலையில், அலசிக் காயவைத்த துண்டுகளை மேசையில் விரித்தார்கள். நடுத்துண்டு மட்டும் இரண்டு விரல் சுருங்கி, முரடாகக் கிடந்தது. அது ரத்தினம் பின்னியது. புருஷன் கொழும்புக்குப் போய்த் திரும்பாதவள். இந்தக் கூலியில்தான் அவள் வீட்டில் அடுப்பெரிந்தது.

மானேஜர் ஜேசுதாஸ் துண்டைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் போட்டார்.

"இவ கை சரியில்லண்ணு எனக்கு அப்பமே தெரியும். நாளையிலேருந்து வராண்டாம்."

"கப்பல்ல வந்த நூலு எனக்கு எட்டாம தீந்துபோச்சு. நீங்க கோட்டாத்துச் சந்தையில வாங்கித் தந்த நூலுலதான் பின்னினேன் ஐயா," என்றாள் ரத்தினம்.

"எனக்க தலையில வைக்கியா?"

இசபெல் மேசையருகே வந்தாள். துண்டுகளை மேசையில் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் ரத்தினத்தின் துண்டை எடுத்து எல்லாவற்றுக்கும் மேலே வைத்தாள்.

"இது உச்சியில பட்டி மாதிரி நிக்கட்டும். மத்தத இதுல சுருக்கித் தச்சிரலாம். ஆனா நடுத்துண்டு போன எடத்துல கொடி ஒட்டாது. மேலேருந்து ரெண்டாம் துண்டுல அடியில உள்ள இலைய வெட்டித் திருப்பினா, கீழே உள்ள தண்டோட சேரும்."

ரேந்தையை வெட்டினால் ஒரு நூல் நழுவும். அதன் பின்னால் மற்றதெல்லாம் பிரிந்து வரும். அதோடு இரண்டாம் துண்டு ஓமனா பின்னியது. கூடத்தில் அவளைப்போல் கை யாருக்கும் கிடையாது. ரத்தினத்தோடு அவளுக்குப் பேச்சும் இல்லை.

"எனக்க துண்டையா?" என்றாள் ஓமனா. "மழைக்காலம் பூரா கண்ணு நோவ பின்னினது. அவ கெடுத்ததுக்கு எனக்கத வெட்டவா?"

"அவ கெடுக்கல்ல. நூலு சுருங்கிட்டு. நீ வேண்டாம்ண்ணா வெட்டல்ல, ஓமனா."

ரத்தினம் தன் தலையணையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். "வெட்டாண்டாம் அக்கா. நான் போறேன்."

அவள் வாசலைத் தாண்டும்வரை ஓமனா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏட்டி, இஞ்ச வா," என்றாள் பிறகு. "எனக்கத வேற ஒருத்தியும் தொடாண்டாம். நானே வெட்டுதேன்."

ரத்தினம் திரும்பி வந்து வாசலோரம் நின்றாள். எதிர்வீட்டுச் சுயம்புத் தட்டாரிடமிருந்து மெல்லிய கத்திரி வந்தது. இலையின் ஓரம் முழுக்க ஓமனா நெருக்கமாகத் தையல் போட்டாள். பிறகு வெட்டினாள். இலையின் நுனியை எட்டும்போது ஒரு நூல் தையலிலிருந்து நழுவியது. கண்ணெதிரே ஒரு கண்ணி அவிழ்ந்தது, அடுத்ததும் அவிழ்ந்தது.

ரத்தினம் பாய்ந்து வந்து விரலால் அமுக்கினாள்.

"எடுக்காத," என்றாள் ஓமனா. விரலுக்கு அடியிலேயே ஊசியை விட்டுத் தைத்தாள். ஊசி சதையில் ஏறியது. ரத்தினம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் முக்காடு போயிற்று. ஓமனா முடிச்சுப் போட்டதும் விரலை வெடுக்கென்று இழுத்து வாயில் வைத்துக்கொண்டாள். எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். ரேந்தை வெள்ளையாகவே இருந்தது.

இலையைத் திருப்பித் தண்டோடு சேர்த்து, துண்டுகளையெல்லாம் ஒன்றாகத் தைத்து முடித்துத் தேய்ப்புப்பெட்டியை எடுக்கும்போது தெருவில் மோட்டார் சத்தம் கேட்டது.

துரைசாணி முக்காட்டை மகள் தலையில் போட்டுப் பார்த்தாள். உச்சிப் பட்டியைத் தடவி ஏதோ கேட்டாள். ஜேசுதாஸ் இசபெலைப் பார்த்தார்.

"உள்ளத சொல்லுங்க ஐயா," என்றாள் இசபெல். "நூலு சுருங்கிச்சு, அதனால வரைவ மாத்தினோம்ண்ணு."

அவர் இங்கிலீஷில் சொன்னார். நூல் யார் வாங்கியது என்பதைச் சொல்லவில்லை. துரைசாணி கொடியின் நடுப்பகுதியை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தாள். இசபெல் அந்த இலையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கடைசியில் மகள்தான் முக்காட்டைக் கழற்ற மனமில்லாமல், அப்படியே வண்டிக்கு நடந்தாள்.

ஜேசுதாஸ் தன் அறைக்குப் போய்விட்டார். ரத்தினம் வரவேண்டாம் என்ற பேச்சை அவர் மறுபடி எடுக்கவேயில்லை.

காலையிலிருந்து யாரும் ஒன்றும் தின்னவில்லை. ஓமனா அவித்த மரச்சீனிக் கிழங்குப் பொதியை அவிழ்த்து, ரத்தினத்தின் பக்கம் தள்ளினாள்.

"தின்னுட்டி," என்றாள். "மத்தக் கையால."