பிடுங்கியது கோரை

குவியலிலிருந்து ஒரு தண்டை உருவி விரல்களுக்கிடையே உருட்டிப் பார்த்தாள் வான்மதி. அது உருளவில்லை.

"ஜெபினா, இது எங்க பிடுங்கினது?"

சான் ஹோசே தமிழ்ச் சபையிலிருந்து பதினைந்து பேரை அன்று வளைகுடா ஓரச் சதுப்பு நிலத்துக்குக் கூட்டி வந்தவள் ஜெபினா. அங்கே பரவிவிட்ட வெளியூர்ப் புல்லைத் தோண்டி எடுப்பதுதான் வேலை. சதுப்பை மீட்கும் அமைப்பில் இருக்கும் வான்மதி காலையிலேயே சொல்லியிருந்தாள்: புல்லின் தண்டு உருண்டை, கோரைக்கு மூன்று பட்டை. கோரையைத் தொடக் கூடாது. உப்பு மண்ணில் அதை வேர்பிடிக்க வைக்கவே நான்கு வருடம் ஆகியிருந்தது.

"வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். இங்க புல்லு முடிஞ்சதும் அப்படியே அங்க போயிட்டோம்... நான் செக் பண்ணல."

"இது முழுசும் கோரை, ஜெபினா."

ஜெபினாவும் ஒரு தண்டை எடுத்தாள். மூன்று விளிம்புகளும் கட்டைவிரலில் அழுத்தின. அடுத்ததை எடுத்தாள். அதுவும் அப்படித்தான். வாய்க்காலுக்கு அப்பால் பச்சையாக இருந்த இடம் வெறும் சேறாகக் கிடந்தது. 'வேகமா, வேகமா' என்று எல்லோரையும் விரட்டியது அவள்தான். அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டாள்.

கணவன் ஷைன் ஓடி வந்தான். "என்னாச்சு ஜெபி? பாம்பா?"

அவள் வாய்க்காலுக்கு அப்பால் கையைக் காட்டினாள்.

வான்மதி திட்டவில்லை. குனிந்து வேர்க்கிழங்குகளை அமுக்கிப் பார்த்தாள். "இன்னும் ஈரமா இருக்கு. கடல் தண்ணி ஏறறதுக்குள்ள திருப்பி நட்டா கொஞ்சம் பிழைக்கும்."

மற்றவர்கள் கரையில் எலுமிச்சை சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஜெபினா அவர்கள் முன்னால் போய் நின்றாள்.

"நாம பிடுங்கினது தப்பான செடி. உங்க மேல தப்பில்ல. நான்தான் அங்க கூட்டிட்டுப் போனேன்."

முழங்கால் வலிக்காரரான ஞானமணி அங்கிள்தான் முதலில் டப்பாவை மூடிவிட்டு பூட்ஸை மாட்டினார்.

தண்ணீர் கணுக்காலைத் தொடும்வரை நட்டார்கள். மிச்சக் குவியலை அப்படியே விட்டுவிட்டுத்தான் கரையேற வேண்டியிருந்தது.

வசந்தத்தில் ஜெபினா ஷைனுடன் மறுபடி அங்கே போனாள். திருப்பி நட்டதில் பாதி துளிர்த்திருந்தது. பாதி கறுத்து அழுகிக் கிடந்தது. வெகுநேரம் அழுகியதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அடுத்த மாசம் புதுசா நடறோம்," என்றாள் பக்கத்தில் வந்து நின்ற வான்மதி. "வர்றியா?"

"என்னையா கூப்பிடறீங்க?"

"உன்னைத்தான்."


ஜெபினா சரியென்று தலையை ஆட்டினாள்.