வளர்கிற உடம்புக்கு ஒரு பெட்டி

பெரியவள் தைத்த சட்டை, போட்ட அன்றைக்கே யாருக்கும் சரியாக இருந்ததாகச் சரித்திரம் இல்லை. குழந்தை என்றால் வளரும், பெரியவர் என்றால் பெருப்பார், துணி என்றால் சுருங்கும் என்று எதற்கும் ஒரு காரணம் கைவசம் வைத்திருப்பாள். எடுத்த அளவுக்கு மேல் இரண்டு விரல் விட்டால்தான் அவள் கத்தரி ஓடும். அவளுடைய ஓரகத்தி சின்னவளோ படங்களுக்குச் சட்டம் போடுகிறவள். கண்ணாடிக்கும் மரத்துக்கும் நடுவில் ஒரு முடி நுழைந்தாலும் சட்டத்தைப் பிரித்துவிட்டு மறுபடி ஆரம்பிப்பாள். அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்ட இந்த இருவரும் ஒரே மாடிவீட்டில், ஒருத்தி பின்னறையிலும் ஒருத்தி முன்னறையிலும் தொழில் செய்துகொண்டு சண்டையில்லாமல் இருந்தார்கள். அதற்குக் காரணம், இருவரும் சேர்ந்து எதையும் செய்யாததுதான். தேனீ வந்து அதைக் கெடுத்தது.

பின்னறை மூலையில் ஒரு பழைய டிவிப் பெட்டி கிடந்தது. உள்ளே இருந்த சாமான்களை என்றைக்கோ கழற்றிக் கொடுத்தாயிற்று. நல்ல மரமாயிற்றே என்று கூட்டை மட்டும் வைத்திருந்தார்கள். ஆன்டெனா ஒயருக்காகச் சுவரில் போட்ட துளை வழியாக ஒரு தேனீக் கூட்டம் நுழைந்து அதற்குள் குடித்தனம் வைத்துவிட்டது. பெரியவள் இதைப்பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை. மகன் வேலைக்காக வெளியூர் போனதிலிருந்து, தையல் மிஷின் நின்றால் அந்த அறையில் ஒரு அமைதி விழும். அவளால் அதைத் தாங்க முடிந்ததே இல்லை. இப்போது மிஷின் நின்றாலும் மூலையில் ஒரு ரீங்காரம் ஓடிக்கொண்டிருந்தது. இந்த டிவியில் இப்போதுதான் உருப்படியாக ஒன்று வருகிறது என்று நினைத்துக்கொள்வாள்.

வீட்டுக்காரம்மா பெயின்ட் அடிக்கச் சுவர் பார்க்க வந்தபோது குட்டு வெளிப்பட்டது.

"அடுத்த மாசம் ஆளுங்க வராங்க. அதுக்குள்ள இதுங்க வேற இடம் பாக்கணும். இல்லேன்னா மருந்தடிக்கச் சொல்லிடுவேன்" என்றாள் வீட்டுக்காரம்மா. போகிற போக்கில் கொஞ்சம் இறங்கியும் வந்தாள். "மொட்டைமாடியில வேணா வச்சுக்க. செவுத்தோரம் மட்டும் ஆகாது."

பெரியவளின் கணவர் பஸ் டிரைவர். எந்தச் சிக்கலுக்கும் அவரிடம் ஒரே வைத்தியம்தான். "தட்டி விட்டா அதுவா போயிடப் போவுது."

"போயிடக் கூடாதுன்னுதானே சொல்றேன்" என்றாள் பெரியவள். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

சின்னவள் அந்தக் கண்ணில் தண்ணீரைப் பார்த்ததே இல்லை. அவளுக்கு என்னவோ செய்தது. "நான் பெட்டி செஞ்சு தரேன் அக்கா. அளவை மட்டும் நீங்க சொல்லுங்க" என்றாள். அளவைப் பெரியவளிடம் விட்டதுதான் தப்பாய்ப் போயிற்று.

செய்ய வேண்டியது நீளவாக்கில் ஒரு தொட்டி. மேலே மூடிக்குப் பதில் பட்டைபட்டையான மரத்துண்டுகளை நெருக்கமாக அடுக்க வேண்டும். ஒவ்வொரு பட்டையிலும் தேனீ ஒரு அடையைக் கட்டித் தொங்கவிடும். பட்டையின் அகலம் பிசகினால் இரண்டு பட்டைக்கும் குறுக்கே கட்டிவிடும். அப்புறம் எதையும் தூக்கிப் பார்க்க முடியாது. செல்போன் வீடியோவில் எங்கோ இருக்கிற ஒரு தாடிக்காரர் இதையெல்லாம் விளக்கி, ஒரு அளவும் சொன்னார். சின்னவள் அதைக் குறித்துக்கொள்ளப் பென்சிலை எடுத்தாள்.

"அவர் ஊர்ப் பூச்சி அவர் தாடி மாதிரி பெருசா இருக்குமோ என்னவோ" என்றாள் பெரியவள். "நம்மகிட்ட அளவு ஜாக்கெட் இருக்கும்போது அடுத்தவங்க சொல்ற அளவு எதுக்கு?"

"அளவு ஜாக்கெட்டா?"

பெரியவள் டிவியைக் காட்டினாள்.

கொசுவலைத் துணியில் ஆளுக்கொரு முக்காடு தைத்துப் போட்டுக்கொண்டு, சாக்குத் துண்டைப் புகையவிட்டு, டிவியின் பின்பக்கத்தைத் திறந்தார்கள். உள்ளே அடைகள் ஒழுங்காகத் தொங்கிக்கொண்டிருந்தன. பெரியவள் டேப்பைப் பிடித்து ஒரு அடையின் நடுவிலிருந்து அடுத்ததின் நடுவுக்கு அளந்தாள். ஒன்றேகால் அங்குலம். தாடிக்காரர் சொன்னதைவிடக் குறைவு. ஓரத்து அடை ஒன்றை அறுத்துப் பழுப்புக் காகிதத்தில் வைத்துச் சுற்றிக் கோடு போட்டாள். மேலே அகலமாக, கீழே போகப்போகக் குறுகி இருந்தது. பெட்டியின் பக்கங்களும் அப்படியே சரிய வேண்டும், இல்லாவிட்டால் அடையைச் சுவரோடு ஒட்டிவிடும் என்று தாடிக்காரரும் சொல்லியிருந்தார்.

சின்னவளுக்கு முகம் சுருங்கிவிட்டது. வாழ்நாளில் அவள் மூலைமட்டத்துக்கு மாறாக ஒரு பெட்டியும் அடித்ததில்லை. "கோணலா செய்யச் சொல்றீங்களே அக்கா. பாக்கறவங்க என்ன நெனைப்பாங்க?"

"பாக்கறவங்களா குடியிருக்கப் போறாங்க?"

சின்னவள் முனகிக்கொண்டே பலகையை அறுத்தாள். இதுவரை எல்லாம் சரி. நீளம் என்று வந்தபோதுதான் பெரியவளின் பழைய கை நீண்டது. டிவியில் இருப்பது இத்தனை அடை என்றால் பெட்டி அதற்குத் தக்கபடிதானே இருக்கவேண்டும்? அவளோ இரு கைகளையும் விரித்துக் காட்டினாள்.

"இவ்வளவா?" என்றாள் சின்னவள். "இருக்கறது ஒரு கைப்பிடிக் கூட்டம்."

"வளர்ற உடம்பு. கொஞ்சம் விட்டுச் செய்."

சொன்ன அளவுக்கு ஒரு நூல் பிசகாமல் சின்னவள் செய்து கொடுத்தாள். அவள் சுபாவம் அது. ஆள் படுக்கலாம் போலிருந்த அந்தத் தொட்டியை, பின்னறையை ஒட்டி நாலு படி மேலே இருந்த மொட்டைமாடியில், அறை ஜன்னலுக்கு நேராக ஏற்றி வைத்தார்கள். அடைகளைத் துணிநாடாவால் பட்டைகளில் கட்டி, ராணியோடு கூட்டத்தை மாற்றினார்கள். டிரைவர் கதவுக்குப் பின்னால் நின்று யோசனை சொன்னார்.

சுவர்த்துளையை அடைக்கவேண்டிய பொறுப்பு பெரியவளுடையது. அவள் அடைக்கவில்லை. பெட்டி பிடிக்காமல் போனால் பாவம் எங்கே போகும் என்று, அதற்கும் கொஞ்சம் இடம் விட்டிருந்தாள்.

ஒரு வாரம் கூட ஆகவில்லை. காலையில் பின்னறையைத் திறந்தவளுக்கு டிவியிலிருந்து ரீங்காரம் கேட்டது. முதலில் காது குளிர்ந்தது, அப்புறம்தான் அது அங்கே கேட்கக் கூடாது என்று உறைத்தது. மாடிக்கு ஓடினாள். பெட்டியின் ஒரு கோடியில் கட்டின அடைகள் ஆளில்லாமல் தொங்கின. மறுகோடியில் ஒரு பல்லி, வாங்கின வீட்டில் உட்கார்ந்திருப்பதுபோல் சாவகாசமாக உட்கார்ந்திருந்தது. அதன் எதிரே தேனீக்களின் இறக்கைகள் சிதறிக் கிடந்தன.

"என்னாலதான் எல்லாம்" என்றாள் பெரியவள். "இருக்கறதே ஒரு பிடி. அதுங்களால இவ்வளவு பெரிய வீட்டைக் காவல் காக்க முடியுமா? யாருக்குத் தைச்சாலும் இப்படித்தான் செய்யறேன்."

நான் அப்போதே கேட்டேனே என்று சொல்லச் சின்னவளுக்கு வாய் வரை வந்தது. பதிலுக்குப் பென்சிலைத்தான் எடுத்தாள். "அறுத்துச் சின்னதாக்கிடட்டுமா அக்கா? ஆனா நாளைக்கு நெஜமாவே வளர்ந்துட்டா மறுபடி ஒட்டவைக்க முடியாது."

பெரியவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பெட்டியைப் பார்த்தாள். இந்தச் சங்கடம் அவளுக்குப் புதிதில்லை. பள்ளிக்கூடச் சட்டை தைக்கக் கொடுக்கிற ஒவ்வொரு தாயும் கேட்கிற கேள்விதான் இது. இப்போதும் சரியா இருக்கணும், அடுத்த வருஷமும் போடணும்.

"வெட்டாத" என்றாள். "உள்ள ஒரு மடிப்பு வச்சுத் தைச்சிடுவோம். வளர வளர பிரிச்சு விட்டுக்கலாம்."

"மரத்துல எப்படிக்கா மடிப்பு?"

"உள்பக்கத்துக்குச் சரியா ஒரு தடுப்பு வேணும். பட்டையில தொங்கணும், வச்சா முடி நுழையக் கூடாது, வேணும்னா தள்ளி வைக்கவும் வரணும். உன்னால முடியுமா?"

முடி நுழையக் கூடாது என்று சொன்னதும் சின்னவளின் முகத்தில் வெளிச்சம் வந்துவிட்டது. அடை வரைந்த காகிதக் கட்டிங்கை வாங்கிக்கொண்டு முன்னறைக்குப் போனவள், சரிந்த பக்கங்களுக்கு இம்மி பிசகாமல் பொருந்துகிற ஒரு பலகையோடு வந்தாள். உள்ளே இறக்கியபோது ஒரு சத்தமும் வரவில்லை. அந்தக் கோணல் பலகையை அவளே இரண்டு தரம் தடவிப் பார்த்துக்கொண்டாள். பல்லி வெளியேற்றப்பட்டது. தடுப்புக்கு இந்தப் பக்கம், அடைகள் போக இரண்டு பட்டை இடம் மட்டும் விட்டார்கள். மூன்று பட்டை விடலாம் என்று பெரியவள் வாயெடுத்து, சின்னவள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டாள். டிவிக்குள் இருந்த கூட்டத்தை வாரிக்கொண்டுபோய்ப் பெட்டியில் உதறினார்கள். இந்தத் தடவை சுவர்த்துளையில் பெரியவள் தன் கையாலேயே துணியை அடைத்து அடைத்து வைத்தாள்.

அன்று பின்னறையில் மிஷின் நின்றபோதெல்லாம் அந்த அமைதி விழுந்தது. அவள் தைப்பதை விட்டுவிட்டு, போவதா இருப்பதா என்று தேனீக்கள் முடிவுசெய்வதற்காக ஜன்னலோரம் காத்து நின்றாள். மறுநாள் ஒரு தேனீ காலில் மஞ்சள் மகரந்தத்தோடு வந்து பெட்டியின் வாசலில் இறங்கி உள்ளே போனது. பின்னாலேயே இன்னொன்று. பெரியவள் டிரைவரைக் கூப்பிட்டு மிஷினை ஜன்னலடிக்கு நகர்த்தச் சொன்னாள். அவர் ஏன் என்று கேட்காமல் நகர்த்தினார். அத்தனை வருஷத்தில் அவர் செய்த நல்ல காரியங்களில் அதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பெயின்ட் ஆட்கள் வந்து போனார்கள். மரமெல்லாம் பூத்து ஓய்ந்த ஒரு காலைநேரம், முக்காடோடு மாடிக்குப் போய் பட்டைகளைத் தூக்கிப் பார்த்த சின்னவள் இறங்கி வந்து பின்னறை வாசலில் நின்றாள். கையில் பென்சில், முகத்தில் ஒரு அசட்டுச் சிரிப்பு.

"அக்கா, தடுப்பு வரைக்கும் கட்டிடுச்சு. இடம் பத்தல. கொஞ்சம் தள்ளி வைக்கணும்."

பெரியவள் மிஷினை நிறுத்தினாள். ஜன்னலுக்கு வெளியே ரீங்காரம் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. தைத்துக்கொண்டிருந்த சட்டையை மடித்து வைத்துவிட்டு எழுந்து, கொடியில் கிடந்த கொசுவலை முக்காட்டை எடுத்தாள்.

"வா, மடிப்பைப் பிரிப்போம்" என்றாள். "நான்தான் சொன்னேனே, வளர்ற உடம்புன்னு."