வலப்பக்கம் இறங்கிய வீடு

தையல்காரி இடது மார்பை எடுத்துவிட்டு மருத்துவமனையிலிருந்து திரும்பிய வாரம், அவளுடைய வீடு வலது பக்கமாக இறங்கியது. முதலில் விரற்கடை அளவு. பிறகு, கீழே விழுந்த நூல்கண்டைத் தேட வேண்டியதில்லை, வலப்பக்கச் சுவரோரம் போய் எடுத்துக்கொள்ளலாம் என்ற அளவுக்கு. சிமெண்ட் விலை ஏறிய வருடம் அது. வீட்டைப் பார்க்க வந்த பொறியாளர், அஸ்திவாரத்தில் குறையில்லை, சுவரிலும் குறையில்லை என்று சொல்லிவிட்டு, தன் பேனாவை எடுக்க வலப்பக்க மூலைக்குப் போனார்.

அவள் கணவர் தரைக்கு டைல்ஸ் பதிப்பவர். கோணலைக் கண்டால் அவருக்குச் சோறு இறங்காது. ரசமட்டத்தை எடுத்துக்கொண்டு அறை அறையாக நடந்தார். அதன் குமிழி நடுவில் நிற்கவே இல்லை. மரத்துண்டுகளைச் சீவிக் கட்டிலுக்கும் அலமாரிக்கும் தையல் மெஷினுக்கும் ஆப்பு வைத்தார். மனைவியிடம் என்ன பேசுவதென்று அவருக்குத் தெரியவில்லை. மட்டம் பார்க்கத் தெரிந்தது. அவளோ கண்ணாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாள். விளக்கை அணைத்துவிட்டுக் குளித்தாள். தையல் அறையில் தாழிட்டுக்கொண்டு படுத்தாள். அவள் தன்னை மறைத்த ஒவ்வொரு முறையும் வீடு இன்னும் கொஞ்சம் இறங்கியது. அது அவளுக்கு மட்டும் தெரியும்.

பார்க்க வந்த நாத்தனார், "அண்ணி, உங்க வீட்டுல அரை கிளாஸ் டீக்கு மேல ஊத்த முடியாது போல. எங்கண்ணன் கஞ்சத்தனத்துக்கு வசதியாப் போச்சு" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அண்ணனுக்கு இன்னும் காட்டலியா?" என்று கேட்டாள். தையல்காரி டீ கிளாஸைக் கழுவ எழுந்து போனாள்.

ஒரு மதியம் நாற்காலியிலேயே கண்ணயர்ந்தவள் விழித்தபோது, கணவர் நாற்காலிக் காலுக்கு அடியில் ஆப்பைச் செருகிக்கொண்டிருந்தார். அவள் தோளருகே ரசமட்டம்.

"என்ன பண்றீங்க?"

"ஒரு பக்கமா சாஞ்சு தூங்கிட்டிருந்தே. அதான்..."

"ஆப்பு வச்சு நிமித்தறதுக்கு நான் என்ன அலமாரியா?"

அன்று மாலையே அக்கா வீட்டுக்குப் போய்விடுவது என்று முடிவுசெய்தாள். போனால் திரும்பி வரப்போவதில்லை என்பதை இருவருமே அறிந்திருந்தார்கள். பையைக் கட்டி முடித்து, தையல் அறையைத் தாழிட்டு, உடை மாற்றச் சட்டையையும் அதற்குள் வைத்திருந்த பஞ்சுத் திண்டையும் கழற்றியபோது ஆப்புகள் ஒவ்வொன்றாகத் தெறித்தன. மெஷின் சறுக்கி வந்து கதவில் முட்டி நின்றது. சுவரில் ஒரு வெடிப்பு மேலேறியது.

"கதவத் திற" என்றார் வெளியிலிருந்து.

"முடியல. மெஷின் அடைச்சுக்கிச்சு."

"ஜன்னல் வழியா வரேன்."

"வராதீங்க. மேல ஒண்ணும் போடல."

மாற்றுச் சட்டை மேட்டுப்பக்க ஆணியில் தொங்கியது. அதை நோக்கி ஓரடி வைத்துக் கை நீட்டினாள், உத்தரம் முனகியது. கையை இழுத்துக்கொண்டாள், சத்தம் நின்றது. மறுபடி கை நீட்டினாள். கூரையிலிருந்து காரை உதிர்ந்து அவள் தலையில் கொட்டியது. கையைத் தொங்கவிட்டு அப்படியே நின்றாள்.

"வாங்க."

ஜன்னல் வழியாக உள்ளே இறங்கினார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு எதையும் மட்டம் பார்த்துப் பழகியவர், அன்று இரண்டு கண்ணாலும் பார்த்தார். அக்குள்வரை ஓடிய தழும்பு இன்னும் சிவந்திருந்தது.

"தொட்டா வலிக்குமா?"

"வலிக்காது. மரத்துப்போச்சு. ஓரத்துல மட்டும் தெரியும்."

"எந்த ஓரம்?"

அவர் கையைப் பிடித்து வைத்துக் காட்டினாள். "கையா இது, உப்புத்தாளு."

"எடுத்துடட்டுமா?"

"இருக்கட்டும்."

அதன்பின் வீடு இறங்கவில்லை. நிமிரவும் இல்லை. கணவர் தரை முழுவதையும் அந்தச் சாய்வுக்கே டைல்ஸ் பதித்தார். அவர் செய்த வேலைகளிலேயே அதுதான் சுத்தமானது என்பார்கள். தையல்காரி திண்டு வைப்பதை விட்டுவிட்டாள். அளவு கொடுக்க வரும் பெண்களின் பார்வை அவள் சட்டையின் தட்டையான பக்கத்தில் ஒரு கணம் நிற்கும்.

"ஸ்டூலைப் பிடிச்சுக்கோங்க" என்பாள், டேப்பைப் பிரித்தபடி. "இங்க கொஞ்சம் இறக்கம்."

அவர்கள் பிடித்துக்கொள்வார்கள்.