தானே தண்ணீர் குடிக்கும் தொட்டி

யாரோ உள்ளே வந்து போயிருக்கிறார்கள்.

பூட்டில் கீறல் இல்லை. அலமாரி சாத்தியபடியே இருந்தது. டிவியும் இருந்தது. அதைத் திருடுகிறவன் பாவம், தூக்கிக்கொண்டு போய் ரிப்பேர் செலவும் பண்ண வேண்டியிருக்கும். ஆனாலும் லிஃப்ட் மெக்கானிக் தோள்பையை இறக்காமல் வாசலிலேயே நின்றார்.

தரை சுத்தமாக இருந்தது.

அதுதான் இடித்தது.

மூன்று வாரம் வெளியூர் வேலை. கிளம்பும்போது ஜன்னலோரச் செம்பருத்தியில் கிளைக்குக் கிளை மொட்டு. செம்பருத்திப் பூவுக்கு ஆயுசு ஒரு நாள். காலையில் விரியும், இருட்டினால் சுருங்கும், அப்புறம் பொத்தென்று விழும். மொட்டு நின்ற காம்புகள் இப்போது கணுவில் முறிந்து மொட்டையாக இருந்தன. பூத்திருக்கின்றன, விழுந்திருக்கின்றன. விழுந்த பூக்கள் எங்கே?

குனிந்து தொட்டியைப் பார்த்தார். புதுத் தொட்டி. அடியில் தண்ணீர் அறை. அதிலிருந்து மண்ணுக்குள் ஏறும் ஒரு திரி. ஓரத்தில் குழாய், குழாய்க்குள் மிதவை. தண்ணீர் நிறைந்தால் மிதவையின் சிவப்பு முனை மேலே எட்டிப் பார்க்கும். வற்ற வற்ற உள்ளே இறங்கும். முனை கிட்டத்தட்ட அடியில் கிடந்தது. ஆக, வந்த ஆள் ஒரு சொட்டுக்கூட ஊற்றவில்லை. உதிர்ந்த பூக்களை மட்டும் எடுத்திருக்கிறார்.

அப்படித் திருட உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் உண்டு. எதிர் வீட்டு டெய்லரம்மா.

மெக்கானிக்கின் முகத்தில் சிரிப்பு வந்தது. பை தானாக இறங்கியது.

கட்டடம் எழும்பும் ஊருக்கெல்லாம் போய் லிஃப்ட் மாட்டுகிற பிழைப்பு அவருடையது. "உனக்கு வீடுங்கறது லாட்ஜ்" என்று சொல்லிவிட்டு மனைவி பிரிந்து போய் வெகுகாலம் ஆகிறது. மிச்சம் இருந்தது இந்தச் செடி. ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் தன் இரண்டு சாவிகளில் ஒன்றை டெய்லரம்மாவிடம் கொடுப்பார். அவர் தினம் வந்து தண்ணீர் ஊற்றுவார், உதிர்ந்த பூக்களை மேஜைமேல் ஒரு தட்டில் எடுத்து வைப்பார். திரும்பி வந்ததும் மெக்கானிக் முதலில் பார்ப்பது அந்தத் தட்டைத்தான். அடியில் கிடப்பவை வெட்டுத்துணி போலக் காய்ந்து சுருண்டிருக்கும். மேலே கிடப்பது இன்னும் ஈரமாக இருக்கும். ஆளில்லாத வீட்டுக்கும் ஒரு ஆள் வந்து போனதற்குச் சாட்சி.

ஒருநாள் டெய்லரம்மா முழங்காலில் பட்டி கட்டிக்கொண்டு நொண்டியபடி வந்து சாவி வாங்கினார். மெக்கானிக்குக்கு மனசு கேட்கவில்லை. தானே தண்ணீர் குடிக்கும் தொட்டி ஒன்றை வாங்கிவிட்டார். "செடிக்கு ஃபீடிங் பாட்டிலா அண்ணே? அடுத்தது தொட்டிலா?" என்று கூட வேலை செய்யும் வெல்டர் சைட் முழுக்கச் சிரித்தான். வேர் கீழே இறங்கித் தண்ணீரைப் பிடிக்கும்வரை மேலேயும் ஊற்ற வேண்டும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். லீவில் உட்கார்ந்து அதையும் செய்து முடித்து, "இனிமே நீங்க சிரமப்பட வேண்டாம்" என்றார் டெய்லரம்மாவிடம்.

டெய்லரம்மா உள்ளே போய், சாவியைக் கொண்டுவந்து கையில் வைத்தார்.

போகட்டும். எப்படியோ வந்திருக்கிறாரே! டூப்ளிகேட் போட்டு வைத்திருப்பார். கெட்டிக்காரி.

எதிர் வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. வாசலை ஒட்டித்தான் தையல் மிஷின். அதற்கு மேல் உள்ளே போக இடமில்லை. உள்ளே தங்கை, தங்கை புருஷன், பிள்ளைகள்.

"வாங்க லிஃப்ட் சார். கீழ இறங்கிட்டீங்களா?"

"இறங்கியாச்சு. பூவையெல்லாம் எடுத்ததுக்கு ரொம்ப தேங்க்ஸ், டெய்லரம்மா."

மிஷின் நின்றது. "எந்தப் பூவை?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க. தரை கண்ணாடியா மின்னுது."

"சாவியைத்தான் உங்க கையில குடுத்துட்டேனே! ஜன்னல் வழியாவா ஏறி வந்தேன், இந்த முட்டியை வெச்சுக்கிட்டு?"

"இல்ல, டூப்ளிகேட் ஏதாச்சும்..."

டெய்லரம்மா கத்தரிக்கோலை டக்கென்று வைத்தார். "என்னைப் பாத்தா அப்படித் தெரியுதா? வேற யாருக்கோ சாவி குடுத்துட்டு இங்க வந்து விசாரணை வெக்கறீங்க. நல்லாருக்கு சார் நியாயம்!"

இவர் இல்லையென்றால் யார்? மூன்றாவது சாவி இருப்பது வாடகை வாங்கும் வீட்டுக்காரரிடம்தான். மெக்கானிக் அங்கேயே நின்று போன் போட்டார். வீட்டுக்காரருக்குப் பேச்சே கத்தல், டெய்லரம்மாவுக்கும் கேட்டது.

"அட, நான்தான்யா ஆள் அனுப்புனேன்! பில்டிங் பூரா கரப்பான் மருந்து அடிச்சாங்க. உன் வீட்ல ஏதோ சருகு கிடந்துச்சாம், பெருக்கித் தள்ளிட்டுப் போயிருக்காங்க. ஏன், ஏதாவது காணோமா?"

"இல்ல சார். ஒண்ணும் காணாமப் போகல."

போனைப் பையில் போட்டார். சருகு. மூன்று வாரத்துப் பூவும் சருகு. செடிக்காக யாரும் வரவில்லை.

டெய்லரம்மா அந்த முகத்தைப் பார்த்தார். குரல் கொஞ்சம் இறங்கியது. "எத்தனை பூத்துச்சு?"

"தெரியல. யாரும் பாக்கல."

"அதான் தொட்டி இருக்கே சார். அது பாத்துக்கும்."

"தொட்டி தண்ணிதாம்மா குடுக்கும். அதுக்குக் கண்ணா இருக்கு?" சொன்ன வேகத்தில் மிச்சத்தையும் சொல்லிவிட்டார். "உங்க முட்டிக்காகத்தான் அதை வாங்குனதே."

"முட்டிக்கா?"

"பின்ன எதுக்கு?"

டெய்லரம்மா உள்ளே ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டு, துணியை மடிப்பதுபோலக் குனிந்துகொண்டார். "நான் வேற நெனச்சேன். தண்ணி ஊத்திட்டு உடனே திரும்ப மாட்டேன் சார். உங்க ஜன்னல்கிட்ட உக்காந்துக்குவேன். ஒரு மணி நேரம், சில நாள் ரெண்டு. யாரும் அக்கான்னு கூப்பிட மாட்டாங்க. பட்டன் தெறிச்சுடுச்சு, காபி ஆறிடுச்சு, பாப்பா அழுவுறா... ஒண்ணும் கிடையாது. அது எப்படியோ உங்களுக்குத் தெரிஞ்சுபோய், மூஞ்சிக்கு நேரா சொல்லாம தொட்டி வாங்கி வெச்சுட்டீங்கன்னு..."

மெக்கானிக் சட்டைப்பையிலிருந்து அதே சாவியை எடுத்து மிஷின்மேல் வைத்தார்.

டெய்லரம்மா அதைத் தொடவில்லை. "இப்ப என்ன சொல்லிட்டு வர்றது? உங்க தொட்டி மகாத்மியம் இந்த மாடி பூரா தெரியும். உனக்கு அந்த வேலை மிச்சம்க்கான்னு தங்கச்சிக்கு ஒரே சந்தோஷம். மிச்சமான நேரத்துல இப்ப ரெண்டு யூனிஃபார்ம் சேர்த்து அடிக்கறேன்."

மெக்கானிக் விருட்டென்று திரும்பினார்.

வீட்டுக்குள் போய்த் தொட்டியை மெல்லச் சாய்த்தார். அடியைத் தடவினார். அறையைக் கழுவுவதற்காக ஒரு துளை, அதில் ரப்பர் அடைப்பான். பிடித்து இழுத்தார். அறையில் மிச்சமிருந்த தண்ணீர் கொடகொடவென்று தரையில் ஓடியது. இனி அது வெறும் தொட்டி.

ரப்பரைக் கையில் பிடித்தபடி எதிர் வீட்டு வாசலுக்கு வந்து, உள்ளே கேட்கிற மாதிரியே சொன்னார்: "டெய்லரம்மா, தொட்டி ஓட்டை! தண்ணி நிக்கவே மாட்டேங்குது!"

டெய்லரம்மா ரப்பரைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். "ஓட்டை ஆச்சா, ஆக்குனீங்களா?" என்றார் உதடு மட்டும் அசைய.

உள்ளேயிருந்து தங்கை குரல்: "யாருக்கா?"

"எதிர் வீட்டு சார்டி! அந்த அதிசயத் தொட்டி புட்டுக்கிச்சாம். பழையபடி நான்தான் ஊத்தணுமாம். என் தலையெழுத்து!" சலித்துக்கொண்டே சாவியை எடுத்து இடுப்பில் செருகினார். "எப்ப கிளம்பறீங்க சார்?"

"இந்தத் தடவை பத்து நாள் லீவு. இங்கதான்."

"ஓ."

ஒரே எழுத்து. மெக்கானிக்கின் காதில் அது வெகுநேரம் நின்றது.

"நான் இருந்தா என்ன, வாங்களேன். டீ போடுவேன். சுமாரா இருக்கும்."

டெய்லரம்மா சிரித்தார். கோபமே இல்லாத சிரிப்பு. அதுதான் வலித்தது. "நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க சார். அதை விடுங்க, பேசிட்டுப் போகட்டும். ஆள் இருந்தா அது வேற வீடு. உங்களை ஏதாவது கேக்கணும், நீங்க ஏதாவது சொல்லணும்... எனக்கு அந்தக் காலி வீடுதான் சார் வேணும்."

மிஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.

அன்று மாலை மெக்கானிக் ஒரு குவளைத் தண்ணீரோடு செடியருகே போனார். சற்று நின்றார். ஊற்றாமல் தானே குடித்துவிட்டார்.

காலையில் ஒரு பூ விரிந்திருந்தது. நல்ல சிவப்பு, உள்ளங்கை அகலம். "பாரேன்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுத் திரும்பினார். அறையில் ஒரு நாற்காலி, ஒரு மேஜை. எதிர் வீட்டில் அதற்குள் ஆரம்பித்துவிட்டது. "அக்கா! அக்கோவ்! இதைக் கொஞ்சம் பிடியேன்!" மிஷின் ஓடும், நிற்கும், ஓடும்.

மெக்கானிக் சூப்பர்வைசருக்குப் போன் போட்டார்.

"சார், அந்த ஆஸ்பத்திரி லிஃப்ட் வேலை, வெல்டர் போக மாட்டேன்னானே, அதுக்கு நான் போறேன்."

"நேத்துதானேய்யா வந்தே? லீவு வேணும்னு உயிரை எடுத்தியே! வீட்ல ஏதாச்சும் பிரச்சினையா?"

"அதெல்லாம் இல்ல சார். வீட்டைப் பாத்துக்க ஆள் இருக்காங்க."

"உனக்கா?" சூப்பர்வைசர் சிரித்தார். "சொல்லவே இல்லையே!"

பையை அவிழ்க்கவே இல்லை. கட்டும் வேலையும் மிச்சம். நாற்காலியை மட்டும் ஜன்னலுக்கு இன்னும் கொஞ்சம் நெருக்கிப் போட்டார். கதவைப் பூட்டி, எதிர் வாசலில் நின்று குரல் கொடுத்தார்.

"டெய்லரம்மா, அவசர வேலை. கிளம்பறேன். செடி காஞ்சு கிடக்கு."

தையல் மிஷினுக்குப் பின்னாலிருந்து தலை நிமிர்ந்தது. ஒரு கணம் கண்கள் அவர்மேல் நின்றன. பிறகு உள்ளே பார்த்து ஒரு கத்தல்: "என்ன மனுஷன்டி இவரு! வாயில்லா ஜீவனை இப்படிக் காயப்போட்டுட்டுப் போறாரு! இப்பவே போய் ஊத்தலேன்னா செத்துடும்!"

கையில் சாவி ஏற்கெனவே தயாராக இருந்தது.

மெக்கானிக் படியில் இறங்கினார். ஒரு மாடி இறங்குவதற்குள் மேலே அவர் வீட்டுக் கதவு திறந்தது, சாத்திக்கொண்டது. பிறகு, உள்பக்கமாகத் தாழ்ப்பாள் விழுந்தது.